ஒரு இன்ச்சுக்கு எட்டு சூத்

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் மனைவி. தரையில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

அவள் தம்பி, என் மச்சினன். முப்பது தாண்டியவன். ஏணியின் நடுப்படியில் உட்கார்ந்திருந்தான். ஏணிக்கு மேலே மாளா. பலகை அடித்த மேல்தட்டு, நிமிர்ந்தால் தலை இடிக்கும். ஊரிலிருந்து வந்த நாள் முதல் அவன் படுக்கை அங்கேதான். ஒரு வாரம் இருப்பேன் என்று சொல்லி வந்தவன்.

என் மகள். பன்னிரண்டாவது படிக்கிறாள். கையில் மார்க்கர் பேனா. ஃப்ரிட்ஜ் கதவுதான் போர்டு.

பக்கத்து வீட்டு அக்கா. நாசரேத் பக்கம். சர்ச்சுக்குப் போய்விட்டு வந்திருந்தாள். அவள் மீன் எங்கள் ஃப்ரிட்ஜில் இருந்தது. எடுக்க வந்தவள் எடுக்காமல் உட்கார்ந்துவிட்டாள்.

ஐந்தாவது நான், வாசற்படியில். தாராவியில் தகரப் பட்டறை வைத்திருக்கிறேன். முறுக்கு போடுகிறவர்களுக்கு டின், இட்லிக்காரர்களுக்குத் தட்டு. பள்ளிக்கூடத்திலும் நான் ஐந்தாவதுதான். அதைத் தாண்டவில்லை.

விஷயம் இது. மச்சினன் ஐரோலியில் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆள். வருஷக்கணக்கில் காண்ட்ராக்ட். இப்போது கம்பெனி பரீட்சை வைக்கிறது. தேறினால் பெர்மனன்ட், தங்க ரூமும் உண்டு. தேறாவிட்டால் அந்த மாசத்தோடு வெளியே.

வெளியே வந்தால் எங்கே போவான்? என் பட்டறைக்கு வருவான். முன்பு ஒரு தடவை வந்து கொஞ்ச காலம் இருந்தான். அவன் விரல்கள் தப்பித்தன. தகரம் தப்பிக்கவில்லை.

தேறினால் ஐரோலிக்குப் போய்விடுவான். மாளா காலியாகும். மகளுக்குப் படிக்க ஓர் இடம் கிடைக்கும். அவள் அதுவரை வாசற்படியில் உட்கார்ந்துதான் படித்தாள். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் அவள் புத்தகத்தை எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். அதனால் பாடம் நடத்த அவளே முன்வந்தாள். மாமன் மேல் பாசம் என்று என் மனைவி நினைத்தாள்.

பரீட்சையில் என்ன வரும் என்று கம்பெனி மொபைலில் அனுப்பியிருந்தது. மூன்று வரி. யூனிட் மாற்றுவது. அல்ஜிப்ரா. பேசிக் கால்குலஸ். பேசிக் என்ற சொல்லைப் பார்த்துவிட்டு மச்சினன் நிம்மதியாக இருந்தான்.

"மாமா, ஒரு இன்ச் எத்தன எம்எம்?" என்று மகள் கேட்டாள்.

"எட்டு சூத்."

"நான் எம்எம் கேட்டேன்."

"ஒரு சூத் மூணு எம்எம். போதுமா?"

என் மனைவி வெண்டைக்காயை நிறுத்தினாள்.

சூத் என்பது இன்ச்சில் எட்டில் ஒரு பங்கு. பம்பாயில் மரவேலை, இரும்புவேலை, தகரவேலை எல்லாவற்றுக்கும் அதுதான் அளவு. இந்திச் சொல். நூல் என்று அர்த்தம். தமிழ்க் காதில் அது வேறு மாதிரி விழும். பட்டறையில் நாள் முழுக்கச் சொல்லுவோம், யாருக்கும் ஒன்றும் தோன்றாது. வீட்டில் தோன்றும்.

"பொம்பளப் புள்ள முன்னால என்ன பேச்சு பேசுதான் பாருங்கக்கா," என்றாள் மனைவி.

"வேதனைதான்," என்றாள் பக்கத்து வீட்டு அக்கா. "எட்டா சொன்னான்?"

"நம்மூர்ல ஆசாரி நூலுன்னுதானே சொல்லுதாரு? நூலுன்னு சொன்னா ஒனக்கு வாய் நோவுதாலே?" என்று மனைவி தம்பியிடம் திரும்பினாள்.

"இங்க நூலுன்னு சொன்னா டெய்லர் கடைக்குப் போகச் சொல்லுவான் அக்கா."

மகள் ஃப்ரிட்ஜைத் தட்டினாள். "மாமா, எட்டு மூணு எத்தன?"

"இருவத்தி நாலு."

"ஒரு இன்ச்?"

"இருவத்தஞ்சு."

"அரே, இப்பதான இருவத்தி நாலு சொன்னீங்க?"

மச்சினன் ஃப்ரிட்ஜைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். பட்டறையில் எங்கள் எல்லாருக்கும் சூத் மூன்று எம்எம்தான், இன்ச் இருபத்தைந்துதான். இரண்டும் ஒரே மண்டையில் இருந்தன. ஒன்றை ஒன்று பார்த்ததில்லை.

"அத்தான், அந்த ஒரு எம்எம் எங்க போவுது?"

"கட்டிங்ல போயிரும்," என்றேன்.

மகள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். "இன்ச் இருவத்தஞ்சும் இல்ல. இருவத்தஞ்சு பாயிண்ட் நாலு. எட்டால வகுங்க."

வகுக்க அரை மணி நேரம் ஆனது. நடுவில் அக்கா மீனை எடுக்கக் கதவைத் திறந்தாள், கணக்கு சுவரைப் பார்க்கப் போய்விட்டது. மூன்று பாயிண்ட் ஒன்று ஏழு ஐந்து என்று வந்தது. மச்சினன் அதைச் சந்தேகமாகப் பார்த்தான்.

"இவ்வளவு சின்னதயெல்லாம் யாரு அளக்கா?"

"பரீட்சைக்காரன் அளக்கான். எழுதுங்க."

அடுத்தது அல்ஜிப்ரா. அது ஆரம்பிக்கும்போதே கெட்டது.

"தெரியாதது ஒண்ணு இருக்குல்ல மாமா, அத எக்ஸ்னு வச்சுக்கோங்க."

"சரி."

"இன்னொண்ணு தெரியல. அத ஒய்யின்னு வச்சுக்கோங்க."

பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தாங்கவில்லை. "ஏட்டி, அவனுக்கு இன்னும் கல்யாணமே ஆவல. அதுக்குள்ள ரெண்டு பேர வச்சுக்கிடச் சொல்லுதியே."

மனைவி சிரித்தாள். மகளுக்குப் புரியவில்லை. அவள் தமிழ் வீட்டுத் தமிழ்தான், இந்தச் சொல்லுக்கு இன்னொரு வீடு இருப்பது அவளுக்குத் தெரியாது. மச்சினனுக்குத் தெரியும். அவனும் சிரிக்க ஆரம்பித்தான். அதோடு சரி. அதற்குப் பிறகு பாடம் நடந்த எந்த ஞாயிற்றுக்கிழமை எக்ஸ் என்றாலும் அவன் தோள் குலுங்கும். "எக்ஸ் ஒய்யைவிட ரெண்டு மடங்கு பெருசு" என்ற இடத்தில் அக்கா எழுந்து வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தாள். மீனை விட்டுவிட்டுப் போனாள், திரும்பி வரக் காரணம் வேண்டும் அல்லவா.

மகள் அல்ஜிப்ராவைக் கைவிட்டாள். "காலி பீலி டைம் வேஸ்ட்," என்றாள். சும்மா வீண் என்று பொருள். "கால்குலஸ்ல பாத்துக்கலாம்."

கால்குலஸ் கணக்கைக் கேட்டதும் நான் வாசற்படியிலிருந்து திரும்பினேன். என் வேலையைத்தான் கணக்காகப் போட்டிருந்தார்கள். பன்னிரண்டு இன்ச்சுக்குப் பன்னிரண்டு இன்ச் தகடு. நான்கு மூலையிலும் ஒரே அளவு சதுரம் வெட்டி எடுக்க வேண்டும். ஓரங்களை மடக்கினால் மூடி இல்லாத பெட்டி. எவ்வளவு வெட்டினால் பெட்டி ஆக அதிகம் பிடிக்கும்?

"அப்பா, உங்களுக்குத் தெரியுமா?" என்றாள் மகள்.

"தெரியாது. யாரும் கேட்டதில்ல."

உண்மை அதுதான். வருகிறவர் இத்தனை உயரம், இத்தனை அகலம் என்று சொல்லுவார். வெட்டுவேன். ஆக அதிகம் பிடிக்கிற மாதிரி ஒன்று போடுங்கள் என்று ஒரு முறுக்குக்காரரும் கேட்டதில்லை. ஆகக் குறைவாகப் பிடித்தாலும் பெரிதாகத் தெரிகிற மாதிரி கேட்டவர்கள் உண்டு.

மகள் ஃப்ரிட்ஜில் மேலிருந்து கீழே வரை எழுதினாள். கடைசியில் இரண்டு விடை வந்தது. இரண்டு இன்ச். ஆறு இன்ச்.

"ரெண்டுல எது மாமா?"

"ஆறு."

"ஏன்?"

"பெருசாத்தானே கேட்டான்? ஆறுதான் பெருசு."

"யோசிச்சுப் பாருங்க."

"யோசிச்சுத்தான் சொல்லுதேன்."

எனக்குப் பேச்சு வராது. அவனைப் பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மகளும் பின்னால் வந்தாள். மிச்சத் தகட்டில் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு ஒன்று எடுத்துக் கத்திரியோடு அவன் கையில் கொடுத்தேன்.

"ஆறு வெட்டுலே."

வெட்டினான். ஒரு மூலை விழுந்தது. இரண்டாவது விழுந்தது. மூன்றாவதை வெட்டிவிட்டுக் கையில் இருந்ததைப் பார்த்தான். நான்காவதை வெட்ட ஒன்றும் இல்லை. கையில் இருந்ததே நான்காவது மூலைதான்.

"பெட்டி எங்கலே?" என்றேன்.

அவன் தரையைப் பார்த்தான். விழுந்த மூன்றையும் பொறுக்கி நான்கையும் ஒட்டவைத்துப் பார்த்தான். "அத்தான், நீங்க முன்னாடியே சொல்லியிருக்கலாம்லா."

"நீ சொன்னாக் கேக்க மாட்ட."

மகள் சொன்னாள். "ரெண்டு எடத்துலயும் சரிவு சைபர் மாமா. ஏறவும் இல்ல, எறங்கவும் இல்ல. ஆனா ஒண்ணு உச்சி, இன்னொண்ணு அடி."

மச்சினன் கத்திரியைக் கீழே வைத்தான். பிறகு கேட்டான். "பாலத்து உச்சியில பெட்ரோல் மிச்சம் புடிக்க நான் அத்தான் பைக் என்ஜின ஆஃப் பண்ணுவேன்லா, அந்த எடமா?"

"ஆமா. அங்க சைபர்."

"அப்போ மழையில கிங்ஸ் சர்க்கிள்ல தண்ணி நிக்குற எடம்? அங்கயும் ஏறவும் இல்ல, எறங்கவும் இல்ல."

"அதுவும் சைபர்."

"ரெண்டு, பாலத்து உச்சி. ஆறு, கிங்ஸ் சர்க்கிள். பைக்கோட முங்கிருவோம்."

மகள் அவனை முதல் தடவையாக மரியாதையாகப் பார்த்தாள்.

அன்றைக்கே ஒரு இன்ச் வெட்டி ஒன்று, இரண்டு இன்ச் வெட்டி ஒன்று, மூன்று இன்ச் வெட்டி ஒன்று என மூன்று பெட்டி செய்தோம். வீட்டில் அரிசி போட்டு அளந்தோம். இரண்டு இன்ச் பெட்டியை நிரப்பி அடுத்ததில் கொட்டினால் வழிந்தது, அதற்கடுத்ததில் இன்னும் வழிந்தது. கணக்கு சரி. வழிந்த அரிசியை என் மனைவி பொறுக்கினாள். பொறுக்கிக்கொண்டே எங்கள் மூன்று பேரின் குடும்பத்தையும் ஏசினாள். அதில் ஒன்று அவள் குடும்பம் என்பதை மறந்துவிட்டாள்.

பரீட்சைக்கு நானும் கூடப் போனேன். மனைவி உத்தரவு. தனியாகப் போனால் வழியில் வடாபாவ் சாப்பிட நின்று ரயிலை விட்டுவிடுவான் என்றாள். கிளம்பும்போது தம்பிக்கு இன்னொரு உத்தரவும் போட்டாள்.

"எழுத்து முடிஞ்சு ஆபீசருங்க நேர்ல கேப்பாங்களாம்ல. அதுல தமிழ் ஆளு இருந்தாலும் இருப்பாரு. அந்த அசிங்கம் புடிச்ச வார்த்தய சொல்லாத. நூலுன்னு சொல்லு. மானத்த வாங்கிராத."

"சரிக்கா."

சயான் ஸ்டேஷனில் ஏறினோம். வழி முழுக்க "இருவத்தஞ்சு பாயிண்ட் நாலு, இருவத்தஞ்சு பாயிண்ட் நாலு" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தான். காட்கோபரில் ஏறிய ஒருவர் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, எந்தக் கம்பெனி ஷேர் என்று இந்தியில் விசாரித்தார். தாணேயில் மாறி ஐரோலியில் இறங்கினோம். அவன் கேட்டுக்குள்ளே போனான். நான் எதிரே டீக்கடையில் உட்கார்ந்தேன். சாயங்காலம் வரை உட்கார்ந்தேன்.

வெளியே வந்தவன் முகத்தில் ஒன்றும் இல்லை. டீ சொன்னேன். குடித்துவிட்டுத்தான் பேசினான்.

"அல்ஜிப்ரா பூரா போச்சு அத்தான். லெட் எக்ஸ் பீன்னு ஆரம்பிச்சான். அந்த அக்கா சிரிச்ச சத்தம் காதுல கேட்டுச்சு. நானும் சிரிச்சிட்டேன். சூப்பர்வைசர் வந்து பாக்கெட்டத் தடவிப் பாத்தான்."

"சரி."

"பெட்டி வந்துச்சு. பதினெட்டுக்குப் பதினெட்டு தகடு. மூணு, ஒம்பதுன்னு ரெண்டு விடை. மூணுன்னு எழுதினேன். ஒம்பத ஏன் தள்ளுனன்னு காரணம் எழுதணும்."

"என்ன எழுதின?"

"ஒம்பது கிங்ஸ் சர்க்கிள்னு எழுதினேன்."

நான் இன்னொரு டீ சொன்னேன்.

"அதுக்கப்புறம் நேர்ல கூப்பிட்டாங்க. மூணு பேரு. ஒரு மராட்டி மேடம், இன்னொரு மராட்டி சார், நடுவுல ஒரு தமிழ் சார். செம்பூராம். ஆபீசருங்க வீட்டுத் தமிழு. அந்த சார் எம்பேரப் பாத்துட்டு, பாவம்னு தமிழ்லயே கேட்டாரு. 'ஒரு இன்ச்சுன்னா எவ்ளோன்னு சொல்லுங்கோ'ன்னாரு."

"சொன்னியா?"

"அக்கா சொன்னது ஞாபகம் வந்துச்சு. எட்டு நூலுன்னேன்."

இங்கேதான் அவன் குரல் இறங்கியது. மிச்சத்தையும் அவன் சொன்னபடியே எழுதுகிறேன்.

செம்பூர் சாருக்கு நூல் என்றால் தையல் நூல்தான். அப்படி ஓர் அளவு இருப்பது அவருக்குத் தெரியாது. "நூலா? என்ன நூல்?" என்றார். மேடம், "க்யா போலா?" என்று கேட்டார். அவர் இந்தியில், ஓர் இன்ச்சுக்கு எட்டு தாகா என்கிறான் என்று மொழிபெயர்த்தார். தாகா என்றாலும் தையல் நூல்தான். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மேடம் பேனாவை எடுத்துக் காகிதத்தில் கோடு போடப் போனார்.

"அந்தப் பேனாவப் பாத்தேன் அத்தான். ஐரோலி போச்சு, ரூம் போச்சு, திரும்பவும் ஒங்க பட்டற, திரும்பவும் மாளான்னு ஒரே செகண்டுல தெரிஞ்சு போச்சு. கத்திட்டேன்."

"என்னன்னு?"

"'சூத்து சார்! எட்டு சூத்து!'ன்னு."

தமிழ் சார் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அது மேஜை முழுக்க வந்தது.

"ஆனா மேடம் மூஞ்சி மலர்ந்துச்சு அத்தான். 'ஹாங், சூத்! பரோபர்!'னு சொன்னாங்க. மராட்டி சாரும் தலையாட்டினாரு. எட்டு சூத் சரின்னு ரெண்டு பேரும் திருப்பித் திருப்பிச் சொல்லுதாங்க. தமிழ் சாரு மட்டும் கைக்குட்டையால மூக்கப் பொத்திக்கிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிட்டாரு. தோளு குலுங்குது."

பிறகு மேடம் ஒரு சூத் எத்தனை எம்எம் என்று கேட்டார். இவன் பழக்கதோஷத்தில் மூன்று என்றான். அப்போ எட்டு? இருபத்து நான்கு. இன்ச்? இருபத்தைந்து பாயிண்ட் நாலு. மிச்சம் எங்கே?

"நீ என்ன சொன்ன?"

"கட்டிங்ல போயிரும் மேடம்னேன்."

"லேய்."

"நீங்கதானே சொன்னீங்க? சிரிச்சாங்க. அப்புறம் சரியானது எவ்வளவுன்னு கேட்டாங்க. காயிதம் வாங்கி வகுத்தேன். ஃப்ரிட்ஜ் கதவு அப்படியே கண்ணு முன்னால நின்னுச்சு, மீன் வாடையோட. மூணு பாயிண்ட் ஒண்ணு ஏழு அஞ்சு. வாங்கிப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லல. போன்னாங்க."

ரயில் பிடித்துத் திரும்பினோம். வீட்டில் மனைவி, "நூலுன்னு சொன்னியா?" என்றாள். "சொன்னேன்," என்றான். பொய் இல்லை.

பதில் வர நாளானது. அந்த நாட்களில் அவன் சாப்பாடு குறைந்தது. அவன் அக்கா அதற்குக் கம்பெனியைத் திட்டினாள். மகள் தினமும் பள்ளி விட்டு வந்ததும் மாளாவைத் தலையைத் தூக்கிப் பார்ப்பாள். நானும் பார்ப்பேன்.

ஒரு மத்தியானம் ஃபோன் வந்தது. சாப்பிட வந்திருந்தேன். அவன் ஷிஃப்ட் முடிந்து மேலே படுத்திருந்தான். முதலில் பலகையில் தலை இடித்த சத்தம். பிறகு ஏணிப்படி எதையும் தொடாமல் கீழே வந்தான்.

"பெர்மனன்ட்!" என்றான். நெற்றியில் வீக்கம்.

பக்கத்து வீட்டு அக்கா, "ஸ்தோத்திரம்!" என்று கத்திக்கொண்டே வந்து ஃப்ரிட்ஜைத் திறந்தாள். மீனைக் கொடுக்கத்தான். அன்றைக்கு அவள் மீன் எங்கள் வீட்டுக் குழம்புக்கு வந்தது. மகள் மாமனிடம் கை குலுக்கினாள். "எப்போ கெளம்புறீங்க?" என்று கேட்டாள்.

என் மனைவி அழுதாள். பிறகு என்னிடம் திரும்பினாள். "எந்தம்பி போனா ஒங்களுக்கு நிம்மதிதானே?"

"ஆமா," என்றேன்.

"நல்லதா நாலு வார்த்த சொல்லுதாரா பாரு."

போகிற அன்று அவனுடைய சாமான் ஒரு பையில் அடங்கியது. இரண்டு இன்ச் வெட்டிய பெட்டியை மட்டும் கேட்டு எடுத்துக்கொண்டான். சோப்பும் சீப்பும் போட்டு வைக்க என்றான். மற்ற இரண்டில் மனைவி மிளகாயும் புளியும் போட்டிருக்கிறாள். அவனை ரயில் ஏற்றிவிடப் போனேன். "அத்தான், வாரேன்," என்றான். "ஞாயித்துக்கிழம வா," என்றேன். வண்டி கிளம்பிய பிறகுதான் நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது. என்ன நாலு என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து மாளாவில் ஏறினேன். மகளுக்கு மேஜைப் பலகை அடிக்க அளவு எடுக்க வேண்டும். அவன் தலை வைத்த இடத்தில் பலகை எண்ணெய் ஏறிக் கறுத்திருந்தது. அந்த முனையிலிருந்து டேப்பைப் பிடித்தேன்.

"எவ்வளவுப்பா?" என்று கீழே இருந்து மகள் கேட்டாள். மார்க்கரோடு ஃப்ரிட்ஜ் பக்கத்தில் நின்றாள்.

"ஆறடி நாலு இன்ச். மூணு சூத்."

"நூலு!" என்றாள் என் மனைவி.

"எம்எம்ல சொல்லுங்கப்பா," என்றாள் மகள்.

எனக்கு நேரமானது. இன்ச் எழுபத்தாறு. இருபத்தைந்து பாயிண்ட் நாலால் பெருக்கினேன். மூன்று சூத்தையும் சரியான அளவில் சேர்த்தேன். கட்டிங்கில் எதையும் விடவில்லை. அவள் எழுதினாள்.

1940.